பைலட்டின் வலது கால்

வெறுங்காலோடு புல்லில் நடக்க வேண்டும், காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதும் என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"வீட்ல புல்தரை இருக்குல்ல அக்கா? வரும்போது பாத்தேனே," என்றான் அந்தப் பையன். பையன் என்றால் முப்பது வயது இருக்கும். வாரம் இரண்டு முறை பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வருவான்.

"இருந்துச்சு தம்பி. அப்புறம் இவரு டைல்ஸ் போடப் போனாரு."

குத்தல்தான். ஆனால் பொய் இல்லை. வீட்டுக்கு முன்னால் முப்பதடிக்குப் பதினைந்தடி இடம். வாங்கியபோது பச்சைப்பசேல் என்று இருந்தது. நான் தரை ஓடு பதிக்கிறவன். பத்து வருடமாக வேலை முடிந்து வந்து சிமெண்ட் சட்டியை அங்கேதான் கழுவினேன். கழுவிய இடமெல்லாம் சட்டி அளவுக்கு வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தது. சொட்டை விழாத இடத்தில் கோரை. கோரை வராத இடத்தில் பேர் தெரியாத ஏதேதோ. மிச்சமிருந்த மூலையில் மணலையும் ஓட்டுப் பெட்டிகளையும் அடுக்கினேன். அடுத்தவன் வீட்டுக் குளியலறையில் ஒரு நூல் அளவு மேடு பள்ளம் இருந்தால் தூக்கம் வராத ஆள், சொந்த வாசலை இந்த லட்சணத்தில் வைத்திருந்தேன்.

என் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பதினோரு வருடம். ஒரு கீறல் இல்லை, ஒரு நாள் தாமதம் இல்லை. வேனில் வருகிற பிள்ளைகள் அவளைப் பைலட் ஆன்ட்டி என்பார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது. வீட்டிலும் பைலட்தான்.

அவள் இடுப்பு போனது என்னால். அதை நான் மறைக்கப் போவதில்லை. எடுபிடி ஆள் வராத ஒரு நாள், "ஒரு முனையை மட்டும் பிடி" என்று ஓட்டுப் பெட்டியை அவளைத் தூக்க வைத்தேன். தூக்கினாள், பெட்டியை ஒழுங்காக இறக்கி வைத்தாள், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. முதுகு சரியாகிவிட்டது. வலது கால் மட்டும் கணுக்காலுக்குக் கீழே மரத்துப்போய் நின்றுவிட்டது. பயிற்சியில் தூக்கவும் அழுத்தவும் பலம் வந்தது. ஆனால் தொட்டால் தெரியாது, சுட்டால் தெரியாது. செருப்பு கழன்று போனால்கூடக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

பள்ளிக்கூடத்தில் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்வரை, அதாவது பதினான்கு வாரம், அவள் இடம் அவளுக்குத்தான். அதற்குள் பள்ளி மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணை மூடச் சொல்லி அவர் பாதத்தைத் தொடுவார். எங்கே தொட்டார் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தற்காலிகமாக ஓட்டுகிறவரே நிரந்தரம்.

நான் பல்லைக் கடித்தேன். பதினோரு வருடம் உழைத்தவளுக்குப் பரீட்சையா என்று கத்தினேன். அவள்தான் என்னை அடக்கினாள்.

"அவங்க கேக்கறது நியாயம்தான். பிரேக்கை மிதிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியலன்னா பதினெட்டுப் புள்ளைங்கள எப்படி ஏத்தறது?"

அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மண்வெட்டியைத் திறந்தேன் என்று சொல்லலாம். கடைக் காகிதத்தில் சுற்றியபடியே நாலு வருடம் கிடந்த மண்வெட்டி அது.

இரண்டு வாரம் பேய் மாதிரி வேலை செய்தேன். கோரையைக் கிழங்கோடு தோண்டினேன். மண்ணுக்குள்ளிருந்து என் பழைய பாவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: உடைந்த ஓடு, இறுகிய சிமெண்ட் கட்டி, எப்போதோ தொலைத்துவிட்டு எடுபிடிப் பையன்மேல் பழி போட்ட பூச்சுக் கரண்டி. எல்லாவற்றையும் அள்ளினேன். கயிறு கட்டி, மட்டப்பலகை வைத்து, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கும்வரை சமன் செய்தேன். பைலட் நடக்கும்போது இடறக் கூடாது, அவ்வளவுதான் என் கணக்கு. திமிசுக்கட்டையால் இடித்து இடித்து இறுக்கினேன். அப்புறம் புல் விதை தூவி, சல்லடையில் மண் சலித்து மேலே போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டினேன். கயிற்றில் 'மிதிக்காதீர்' என்று ஓர் அட்டை வேறு.

"யாருக்கு இந்த அட்டை? வீட்ல இருக்கறது நாம ரெண்டு பேரு," என்றாள் பைலட்.

"எதிர்வீட்டு வாத்தியாருக்கு."

எதிர்வீட்டு வாத்தியார் ஓய்வு பெற்றவர். அவர் வாசலில் களை முழங்கால் உயரம் நிற்கும். போன வாரம்தான் அவரிடம் போய், உங்கள் விதையெல்லாம் காற்றில் பறந்து என் மண்ணில் விழுகிறது சார், கொஞ்சம் வெட்டக் கூடாதா என்று சண்டைக்கு நின்றுவிட்டு வந்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "பறக்கறதுக்கு நான் என்ன தம்பி பண்றது" என்றார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. ஊற்றிய தண்ணீர் குளமாக நின்று, வெயிலில் காய்ந்து, மேலே பாளம் பாளமாக வெடித்தது. விதையைக் குறை சொல்லி நர்சரிக்கு போன் போட்டுக் கத்தியதில், நர்சரி நடத்துகிற அம்மாளே வண்டியில் வந்து இறங்கினார். என்னிடம் ஒரு ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி மண்ணில் குத்தினார். அரை விரல் அளவுகூட இறங்கவில்லை.

"அண்ணா, என்ன தொழில் பண்றீங்க?"

சொன்னேன்.

"அதான். நீங்க புல்லுக்கு இடம் பண்ணல, தரை போட்டு வெச்சிருக்கீங்க. இதுக்கு மேல டைல்ஸ் ஒட்டலாம், புல்லு வராது. வேர் எந்தப் பக்கம் போகும்?"

என் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே ஜன்னல் பக்கத்தில் பைலட் சிரிக்கிற சத்தம் கேட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். அதனால் எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம் வரவில்லை.

மறுபடி முதலிலிருந்து. முள்கரண்டி மண்வெட்டியால், பெட்டி அடுக்கிய மூலை தவிர முழு இடத்தையும் கிளறினேன். மட்கிய எருவும் மணலும் கலந்தேன். இந்த முறை விதை இல்லை, நர்சரியிலிருந்து வேரோடு வெட்டிய புல் பத்தைகள். அதிலும் நான் ஓடு மாதிரி இடைவெளி விட்டுப் பதிக்கப் போக, "ஒட்டி வைங்கண்ணா, ஒட்டி வைங்க" என்று அந்த அம்மாள் கையில் அடிக்காத குறை. வேர் பிடிக்க ஐந்து வாரம். அதுவரை யாரும் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, பைலட் நடப்பதற்காகப் போட்ட புல்தரையில் பைலட் நடக்க முடியாது. இந்தக் கூத்தை அவளே பிசியோவிடம் சொல்லிச் சிரித்தாள். நான் வேலைக்குப் போன பிறகு, நான் இன்னும் கை வைக்காத அந்த மூலையில், மணல் குவியலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த எட்டடி நீளத்தில் நடந்துகொள்வதாகச் சொன்னாள். முழுக்கக் களை மண்டிய இடம். எனக்கு அது அவமானமாக இருந்தது.

"இந்த ஞாயித்துக்கிழமை அதையும் முடிச்சிடறேன் பைலட்."

"அது கெடக்கட்டும். அந்த மூலைய மட்டும் விட்டுடுங்க."

"எதுக்கு?"

"சும்மாதான். விட்டுடுங்களேன்."

என் முதுகு வலிக்குமே என்று அவள் இரக்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு முதுகு வலி வரவழைத்த எனக்கு அவள் இரக்கப்படுவதா? அது வேறு என்னைக் கிளப்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போனதும் வேலையைத் தொடங்கினேன். பெட்டிகளை நகர்த்தி, மணலை அள்ளி, களையை ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கினேன். நெருஞ்சிதான் அதிகம். தரையோடு தரையாகப் படர்ந்து, மஞ்சள் பூவும் முள்ளுக் காயுமாக. கையெல்லாம் குத்திக் கிழித்தது. சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். மாலையில் மண்ணைக் கிளறிச் சமன் செய்து, குளித்து, அவள் வந்ததும் காட்டுவதற்காக வாசலிலேயே நின்றேன்.

அவள் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மூலையைப் பார்த்தாள். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் அழாதவள். வேன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்றும் அழாதவள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னாச்சு? வலிக்குதா? அக்கா ஏதாவது சொன்னாங்களா?"

"விடுங்கன்னு சொன்னேன்ல?"

"களைதானே பைலட்..."

"அது குத்துச்சு," என்றாள். "என்னைக் குத்துச்சுங்க."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த மூலையில் நடந்துகொண்டிருந்தபோது கட்டை விரலுக்கு அடியில் ஏதோ சுருக் என்றது. காலைத் தூக்கிப் பார்த்தாள். நெருஞ்சி முள். பிரமை என்று நினைத்தாள். மறுநாள் மறுபடி. அதற்கு மறுநாள் இல்லை. அப்புறம் ஒரு நாள் இரண்டு முறை. இதுவரை ஆறு முறை. பத்து ஆனதும் எனக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம்.

"மொதல் தடவையே ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க குதிப்பீங்க. ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லுவீங்க. அப்புறம் அது ஒண்ணும் இல்லேன்னு ஆயிட்டா, உங்க மூஞ்சிய யாரு பாக்கறது?"

எனக்கு அழுகை வந்தது. வந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. உள்ளே ஓடி ஓர் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"ஊசி வேணாம். ஊசி வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சா குத்தறதுக்கு முன்னாடியே மனசு குத்திடுச்சுன்னு சொல்லிடுது. பிசியோ தம்பி குத்தும்போதும் பாதி நான் குருட்டாம்போக்குலதான் சொல்றேன். அந்த முள்ளு எந்த அடியில இருக்குன்னு தெரியாது. அது குத்தினா நெசமாவே குத்துச்சுன்னு அர்த்தம்."

பிசியோவுக்கு போன் போட்டேன். முதலில் அவன் எகிறினான். உணர்ச்சி இல்லாத காலில் முள் ஏறினால் புண்ணாகிச் சீழ் பிடித்தால்கூடத் தெரியாது, நான் புல்லில் நடக்கச் சொன்னேனா முள்ளில் நடக்கச் சொன்னேனா என்று கேட்டான். ஆறு முறை என்று சொன்னதும், எங்கெங்கே குத்தியது என்று கேட்டான். "வலிதான் சில பேருக்கு மொதல்ல திரும்பும்," என்றான் பிறகு. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், பத்து நிமிடத்துக்கு மேல் நடக்கக் கூடாது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், முடிந்ததும் பாதத்தைக் கழுவி விரல் விரலாகப் பார்த்து மருந்து போட வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"சார், உங்க வீட்ல நெருஞ்சி இருக்கா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "போன மாசம் அத வெட்டச் சொல்லித்தானே தம்பி வந்தீங்க?"

"ஆமா சார். இப்ப கொஞ்சம் வேணும் சார்."

அசடு வழிய விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். கையால் பொறுக்கினால் நாள் முழுக்க ஆகும், செருப்போடு மிதித்தால் காய்ந்த முள்ளெல்லாம் தானே ஒட்டிக்கொள்ளும் என்றார். அதனால் நாங்கள் இருவரும், எழுபது வயது அவரும் ஐம்பதை எட்டும் நானும், அவர் வாசலை மிதிமிதி என்று மிதித்தோம். தெருவில் போன பால்காரர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். இருவர் செருப்பிலிருந்தும் இடுக்கியால் பிடுங்கி ஒரு டப்பா நிறையச் சேர்த்தோம். தோண்டிய ஒரு செடியையும் மண்ணோடு கொடுத்தார். நட்டுத் தண்ணீர் விட்டேன், மூன்றாம் நாளே அது வாடிவிட்டது. களைக்கு என் கையில் சாகத்தான் விருப்பம் போலிருக்கிறது. காய்ந்த முள் போதும் என்று விட்டுவிட்டேன்.

மூலை மண்ணில் முள்ளைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, எட்டடி போனாள், எட்டடி வந்தாள். நின்று கண்ணைத் திறந்தாள்.

"மேஸ்திரி, ரெண்டடிக்கு ஒண்ணுன்னு வெச்சிருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி இரண்டு வரிசை. என் கையே அப்படித்தான் வைத்திருக்கிறது, எனக்குத் தெரியாமல்.

"எண்ணிக்கிட்டே நடந்தா கண்ண மூடிக்கிட்டே சொல்லிடலாம். காலுக்கு இதுல என்ன வேலை?"

அன்றிலிருந்து மூலைக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலே பின்பக்கமாக முள்ளை வீசினேன். முப்பது வருடமாக ஒழுங்குக்குப் பழகின கைக்கு அது பெரிய சித்திரவதை. தினமும் காலை வேலைக்குப் போகும் முன் பத்து நிமிடம். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், ஒன்றும் இல்லை. முள் ஏறியிருக்கும், அவள் பாட்டுக்கு நடப்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே நடப்பேன். ஐந்தாம் நாள் "ஆ" என்று என் தோளில் நகத்தைப் பதித்தாள்.

"எங்க?"

"ரெண்டாவது வெரலுக்குக் கீழ."

பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது விரலுக்குக் கீழே. அங்கேயேதான்.

அதற்குப் பிறகு வாரம் போகப் போக "ஆ"க்கள் கூடின. குதிகால், பக்கவாட்டு, சுண்டு விரல். எதிர்வீட்டு வாத்தியார் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு "ஆ"வுக்கும் கையைத் தூக்கிக் காட்டுவார். பெண்டாட்டி வலியில் கத்தக் கத்த சந்தோஷப்பட்ட புருஷன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புல்லும் வேர் பிடித்தது. ஐந்தாவது வாரம் கயிற்றை அவிழ்த்தேன். ஒரு சொட்டை இல்லை, ஒரு கோரை இல்லை. பைலட் அதில் காலை மாலை நடந்தாள்.

"எப்படி இருக்கு?"

"பாக்க அழகா இருக்கு," என்றாள். கால் என்ன சொல்கிறது என்று சொல்லவில்லை.

பன்னிரண்டாவது வாரம் பள்ளி மருத்துவரிடம் போனோம். கண்ணை மூடச் சொல்லிக் குண்டூசியால் பத்து இடத்தில் தொட்டார். பத்தையும் சொன்னாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். அப்புறம் அவர் ஒரு பஞ்சை எடுத்துத் தடவினார். அவள் காத்துக்கொண்டே இருந்தாள்.

"தொட்டுட்டீங்களா டாக்டர்?"

நாலு தடவை தொட்டு முடித்திருந்தார். பஞ்சைக் கீழே வைத்தார்.

"வலி தெரியுது, ரொம்ப நல்ல விஷயம். ஆனா பெடல் குத்தாதும்மா. லேசா தொடறது தெரியணும். பள்ளிக்கூடம் தெறக்க ரெண்டு வாரம் இருக்குல்ல? தெறக்கறதுக்கு மொத நாள் வாங்க. அன்னிக்கும் இப்படியே இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாது."

வீடு வரும்வரை என் வாயில் கெட்ட வார்த்தையாகத்தான் வந்து முட்டியது. யாரைத் திட்டுவது? மருத்துவர் சொன்னது சரி. பஞ்சைத் திட்ட முடியாது.

அடுத்த பத்து நாள் வழக்கம்போல நடந்தாள். முள்ளில் பத்து நிமிடம், புல்லில் இருபது. வழக்கம்போல நான் தண்ணீர் விட்டேன். நான்கு நாள்தான் பாக்கி என்றிருந்த காலை, முள் நடை முடிந்து அவள் பாதத்தைத் துடைத்துவிட்டு நான் குழாயைப் பிடித்துக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். என் மனம் அங்கே இல்லை. தற்காலிக டிரைவருக்கு எத்தனை பிள்ளைகள் இருக்கும், அவர் வேலையை நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிற கெட்ட வேலையில் இருந்தேன். பைலட் எனக்குப் பின்னால் கண்ணை மூடியபடி புல்லில் நடந்து வந்தாள்.

"உங்களுக்கு எத்தன தடவ சொல்றது?" என்றாள் எரிச்சலாக. "இவ்வளவு தண்ணியவா ஊத்துவாங்க? சதசதன்னு இருக்கு. வேர் அழுகிடப் போகுது."

"அந்த நர்சரிக்காரம்மாதான் காலைல நல்லா விடச் சொன்னாங்க," என்று பதிலுக்கு எகிறப் போனவன் அப்படியே நின்றேன்.

"பைலட், என்ன சொன்ன?"

"வேர் அழுகிடும்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"சதசதன்னு..." என்றவள் நிறுத்தினாள். கண்ணைத் திறந்து தன் கால்களைப் பார்த்தாள். இடது கால் நான் இன்னும் தண்ணீர் விடாத காய்ந்த பக்கத்தில் நின்றது. வலது கால்தான் ஈரத்தில் இருந்தது.

இருவரும் அசையவில்லை. அவள் வலது பாதத்தைத் தூக்கி, மறுபடி மெதுவாகப் புல்லில் வைத்தாள். விரல்களை மடக்கிப் பார்த்தாள்.

"கண்ண மூடு," என்றேன்.

மூடினாள். குழாயின் வாயை விரலால் அடைத்து, தூறல் மாதிரி அந்தப் பாதத்தின்மேல் மட்டும் விட்டேன்.

"பாவி மனுஷா, ஜில்லுன்னு இருக்கு!" என்று அலறினாள். காலை இழுத்துக்கொள்ளவில்லை. "விடுங்க, இன்னும் விடுங்க."

எதிர்வீட்டு வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்து கையைத் தூக்கினார்.

நான் குழாயை மூடவில்லை. மோட்டார் ஓடி ஓடித் தொட்டி காலியாகும்வரை அங்கேயே நின்றோம். புல் அன்றைக்குக் குளமாகிவிட்டது. அந்த இடத்தில் வேர் அழுகி, அவள் சொன்னபடியே ஒரு சொட்டை விழுந்தது. நான் அதில் பத்தை வைக்கவில்லை. பள்ளி திறந்த நாளிலிருந்து காலையில் ஏழு மணிக்கு பைலட் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சொட்டையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் வேனுக்குப் போகிறாள்.